யன்னலில் ஒட்டிய முகவுரைகள்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலையில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அரிசிக்குக் கூப்பன், சீலைக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்கு வரிசை, எழுதுகிற கடதாசியோ கண்ணில் காணக் கிடையாது. தாராளமாகக் கிடைத்தது ஒரே ஒரு சாமான்தான். "என்னே அழகு, என்னே நயம்" என்ற வசனம். சனிக்கிழமை தோறும் என் வகுப்புக்கு வந்த ஐந்து பேரும் அதை அள்ளி அள்ளி எழுதினார்கள். வாசித்து வாசித்து எனக்குத் தலையிடி வந்ததுதான் மிச்சம்.

அந்த ஐந்து பேரும் சின்னப் பிள்ளைகள் அல்ல. எல்லோரும் ஆசிரியர்கள், எல்லோரும் என்னைவிட வயதில் மூத்தவர்கள். பயிற்சி பெறாமலே கிராமப் பள்ளிக்கூடங்களில் வருடக்கணக்காகப் படிப்பித்து வந்தவர்கள். தராதரப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இனி வேலையில் இருக்கலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று தரம் எழுதலாம், அதற்குமேல் இல்லை. மற்றப் பாடங்களை எப்படியோ தாண்டிவிடுவார்கள். இலக்கியத்தில்தான் விழுவார்கள். முன்பின் காணாத ஒரு பாட்டைக் கொடுத்து, அதற்கு நயம் எழுதச் சொல்லுவார்கள். அந்த ஒரு கட்டுரையை நினைத்தே ஆட்கள் நடுங்கினார்கள்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. பயிற்சியை முடித்துக்கொண்டு சொந்த ஊருக்கே ரீச்சராக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தலைமையாசிரியை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமையில உமக்கு வேற வேலை இல்லைத்தானே" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லால் வந்தது எல்லாம். இந்த ஐவரையும் அப்படியே தூக்கி என் தலையில் கட்டிவிட்டார்.

வகுப்பு நடந்தது ஒரு வியாபாரியின் வீட்டில். எங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஜப்பான்காரன் குண்டு போட்ட காலையோடு அந்த வியாபாரி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நாட்டுப்புறம் போய்விட்டார். வெறுமையாகக் கிடந்த வீட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். விறாந்தையில் கீழ்வகுப்பு, மண்டபத்தில் மேல்வகுப்பு, குசினியில் தலைமையாசிரியையின் கந்தோர் மேசை. மண்டபத்தில் கண்ணாடி போட்ட பெரிய யன்னல்கள் நாலு இருந்தன. அவற்றால் பார்த்தால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களின் பாயில்லாத கொம்புகள் தெரியும். கப்பல்களை எண்ணக்கூடாது, அவற்றைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று சட்டம். எண்ண நேரம் இருந்தால்தானே.

ஐவரில் நாலு பேர் ஆண்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் சொன்னதற்கெல்லாம் "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்று தலையாட்டிவிட்டுத் தாங்கள் எழுதுவதையே எழுதினார்கள். ஐந்தாவது ஆள் மூதூரிலிருந்து வந்த ஒரு பெண். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, பதினாறு வருடமாக முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவ. விடியற்காலையில் லாஞ்சு ஏறிக் குடாவைக் கடந்து வருவா. நேவிக்காரர் நினைத்தால் லாஞ்சை நடுத்தண்ணீரில் ஒரு மணித்தியாலம் மறித்து வைத்திருப்பார்கள். அப்படி மறித்த நாட்களில் சீலைக் கரை நனைந்து, முகம் வாடி, ஆனால் கொப்பியை மட்டும் நனையவிடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து சேருவா. நான் அவவை அக்கா என்பேன். அவ என்னை வகுப்புக்குள்ளே ரீச்சர் என்றும், வாசலைத் தாண்டினால் பிள்ளை என்றும் கூப்பிடுவா.

அக்கா ஏற்கெனவே ஒருதரம் எழுதித் தவறியிருந்தா. ஏன் தவறினீர்கள் என்று கேட்டேன். "முகவுரை மூண்டு எழுதினனான் ரீச்சர். முடிவுரைக்கு வர முதல் மணி அடிச்சுப்போட்டான்" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. அவவுக்கு வரவில்லை.

வேலை போனால் அவவுக்குப் போக்கிடம் அண்ணன் வீடு ஒன்றுதான். அதை அவவே ஒருநாள், லாஞ்சுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னா. "அண்ணர் நல்ல மனுசன் பிள்ளை. போனால் ஒருநாளும் சோறு இல்லை எண்டு சொல்லமாட்டார். மச்சாளுக்கும் குசினியில ஒரு ஆள் தேவைதான். ஆனால் பதினாறு வருசமா ரீச்சர் ரீச்சர் எண்டு கேட்ட காது. இனி 'எடியே, தேங்காயைத் துருவு' எண்டு கேக்க ஏலாது." அவ்வளவையும் சிரித்துக்கொண்டு சொன்னா. இவவை எப்படியும் சித்தியடையப் பண்ணுகிறேன் என்று அன்றைக்கே எனக்குள் சபதம் எடுத்தேன்.

சபதம் எடுப்பது சுலபம். அவவின் கட்டுரையை வாசிப்பதுதான் பெரும்பாடு. முதல் வகுப்பில் நாலு வரிப் பாட்டு ஒன்றைக் கொடுத்தேன். கிணற்றடியில் ஒரு பெண் நிற்கிறாள். குடம் நிரம்பி வழிகிறது. அவள் அதைப் பார்க்காமல் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அக்கா மூன்று பக்கம் எழுதினா. முதல் பக்கம் தமிழின் தொன்மை. இரண்டாம் பக்கம் புலவரின் பெருமை. மூன்றாம் பக்கம் தண்ணீரின் சிறப்பு, அதிலும் முக்கால்வாசி மழை. கடைசியில் "இத்தகைய தீஞ்சுவைப் பாடலைச் சுவைக்க நாம் என்ன தவம் செய்தோமோ" என்று முடிந்தது.

"அக்கா, இதில அந்தப் பொம்பிளை எங்கே?" என்று கேட்டேன்.

"அவ பாட்டில நிக்கிறா ரீச்சர்."

"கட்டுரையில ஏன் நிக்கேல்லை?"

"அவவைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல? அதைத்தானே புலவர் சொல்லிப்போட்டார்" என்றா.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனால் வயதில் மூத்தவ, லாஞ்சில் நனைந்து வந்தவ. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் விளங்கப்படுத்தினேன். அவள் ஏன் குடத்தைப் பார்க்கவில்லை? யாரைப் பார்க்கிறாள்? எவ்வளவு நேரமாக நிற்கிறாள்? குடம் நிரம்பி வழிகிறது என்றால் நிரம்புகிற நேரத்தையும் தாண்டி நின்றிருக்கிறாள் என்றுதானே கருத்து? அதைச் சொல்லுங்கள், அது போதும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை ஐந்து கட்டுரைகள் வந்தன. ஐந்திலும் அதே தமிழின் தொன்மை, அதே புலவரின் பெருமை. புதிதாக ஒரு வசனம் சேர்ந்திருந்தது: "அவள் குடத்தைப் பார்க்கவில்லை என்று புலவர் கூறும் அழகே அழகு." நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்படியே ஆறு ஏழு சனிக்கிழமை போனது. சிவப்பு மைக்கும் தட்டுப்பாடு. நான் அக்காவின் கட்டுரைகளில் கோடு கீறியே ஒரு போத்திலை முடித்தேன். வீட்டுக்குப் போனால் அம்மாவோடும் எரிந்து விழுந்தேன். சோறு போடும்போது அம்மா "மீன் குழம்பு நல்லா இருக்கோ" என்று கேட்டால், "நல்லா எண்டால் என்ன? உப்பா, புளியா, சரியாச் சொல்லிக் கேளுங்கோ" என்று பாய்ந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பிறகுதான் அந்தக் கொப்பி என் கையில் அகப்பட்டது. அக்கா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிற கொப்பி. நான் கொடுத்த குறிப்புகள்தான் அதில் இருக்கிறதாக்கும் என்று எண்ணியிருந்தேன். ஒருநாள் அவ தண்ணீர் குடிக்கப் போன நேரம், வாங்குப் பலகையில் விரிந்து கிடந்தது. முத்து முத்தான கையெழுத்து. ஒரு பக்கம் மட்டும் எழுதி மறுபக்கம் வெறுமையாக விட்டிருந்தா. முகவுரை பதினெட்டு, ஓசை நயம் பன்னிரண்டு, பொருள் நயம் இருபது, முடிவுரை ஒன்பது. இளம்பெண்ணாக இருந்தபோது யாரோ ஒரு வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதி எடுத்ததாம், பிறகு சொன்னா. ஒவ்வொரு வசனத்திலும் புலவரின் பெயருக்கும் பாட்டின் பொருளுக்கும் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. எந்தப் பாட்டு வந்தாலும் கோட்டில் பெயரை நிரப்பினால் கட்டுரை தயார். நான் ஏழு சனிக்கிழமை தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் இந்தக் கொப்பியோடு மோதித்தான் விழுந்திருக்கிறது.

அந்தக் கிழமைதான் வான்தாக்குதல் காவலுக்குப் போட்டிருந்த ஏ.ஆர்.பி. காரர் வந்து யன்னல்களைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். குண்டு விழுந்தால் கண்ணாடி சிதறிப் பிள்ளைகளின் முகத்தில் அடிக்கும், கடதாசிக் கீலங்களைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டுங்கள் என்று எத்தனை தரம் சொல்வது என்றார். தலைமையாசிரியை என்னிடம் சொன்னார். கடதாசிக்கு நான் எங்கே போவேன்?

எனக்கு அந்த நேரத்தில் என்ன பிடித்ததோ தெரியவில்லை. அக்கா திரும்பி வந்ததும் கொப்பியைத் தூக்கிக் காட்டினேன். "அக்கா, இது இருக்கும்வரைக்கும் நீங்கள் ஒரு பாட்டையும் வாசிக்கப் போறதில்லை. இதை யன்னலுக்குக் குடுப்பமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன். உண்மையில் கேட்ட தொனியில் கேள்வி இருக்கவில்லை. அக்கா கொப்பியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "நீங்கள் படிச்சனீங்கள். நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும் ரீச்சர்" என்றா.

கத்தரிக்கோலை அவவிடமே கொடுத்தேன். மரவள்ளி மாவில் பசை காய்ச்சினோம். அவவே வெட்டி அவவே ஒட்டினா. வரிகளை அறுக்காமல், மூன்று மூன்று வரியாகப் பார்த்து வெட்டினா. எழுத்துப் பக்கம் அறைக்குள்ளே பார்க்கும்படி ஒட்டினா. எந்தப் பக்கம் ஒட்டினால் என்ன என்று நான் அவசரப்படுத்தினேன். வெறும் மறுபக்கத்தில் ஐந்து பேரும் ஒரு மாதம் பயிற்சிக் கட்டுரை எழுதியிருக்கலாம் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. பின்னேரம் நாலு யன்னலிலும் முகவுரையும் முடிவுரையும் சிலுவை சிலுவையாகக் கிடந்தன. ஏ.ஆர்.பி. காரர் வந்து பார்த்து மெச்சினார். எனக்கும் உள்ளுக்குள் பெருமை. அக்கா அன்று வெறுங்கையோடு லாஞ்சுக்கு நடந்து போனா.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகள் இன்னும் மோசம். கொப்பி இல்லாமல் அக்காவுக்கு எழுத வரவில்லை. ஒரு மணித்தியாலத்தில் இரண்டு வரி. அழகு, நயம், சுவை, இன்பம் என்ற நாலு சொற்களையும் நான் தடை செய்திருந்தேன். பேனையைப் பிடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருப்பா. "யன்னலைப் பாக்காதேங்கோ, பாட்டைப் பாருங்கோ" என்று நான் அதட்டுவேன். ஒருநாள் அவவின் கண் கலங்கிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வயதில் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் என்னிடம் கிடையாது.

ஆனால் மெல்ல மெல்ல ஏதோ நடந்தது. இரண்டு வரி ஐந்து வரியானது. "இந்தப் பாட்டில் தாய் மகனைத் திட்டுகிறாள். ஆனால் திட்டும்போது அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே திட்டுகிறாள். கை ஒன்று சொல்கிறது, வாய் ஒன்று சொல்கிறது" என்று ஒருநாள் எழுதியிருந்தா. நான் அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பயிற்சிக் கலாசாலையில்கூட ஒருவரும் அப்படி எழுதி நான் காணவில்லை. மற்ற நாலு பேரும் இன்னும் தீஞ்சுவையை விடவில்லை. அவர்களை நான் கைவிட்டுவிட்டேன்.

பரீட்சை முடிந்த கையோடு அக்கா நேரே என்னிடம் வந்தா. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வந்த பாட்டைச் சொன்னா. ஒரு ஊர் வெறுமையாகக் கிடக்கிறது, வாசல்கள் திறந்து கிடக்கின்றன, ஒரு முற்றத்தில் ஊஞ்சல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். தான் எழுதியதை வரிக்கு வரி ஒப்புவித்தா.

"ஊஞ்சல் ஆடுகிறது. ஆடியவர் இல்லை. அப்படியென்றால் அவர் எழுந்து போய் நேரம் ஆகவில்லை. இந்த ஊர் பழைய பாழ் அல்ல, இப்போதுதான் பாழாகிறது. திருகோணமலையில் குண்டு விழுந்த காலை, அங்கே ஒரு அலுவலாக வந்திருந்த நான் ஓடிய தெருவில் ஒரு வீட்டுக் குசினியில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அடுப்படியில் ஆள் இல்லை. குண்டுச் சத்தத்தைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நான் உள்ளே போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். புலவர் அழுகையையோ ஓட்டத்தையோ சொல்லவில்லை. ஊஞ்சலை மட்டும் சொல்கிறார். அதை நிற்பாட்ட ஒருவரும் இல்லை."

நான் எழுந்து போய் அவவைக் கட்டிப்பிடித்தேன். "அக்கா, இதுக்கு மேல ஒருத்தரும் எழுத ஏலாது" என்றேன். "மெய்யாவோ பிள்ளை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோசம். என்னுடைய கெட்டித்தனத்தை நினைத்தும் சந்தோசம்தான், அதை மறைப்பானேன்.

பரீட்சை மறுமொழி வந்தது. நாலு பேர் சித்தி. அக்கா சித்தியில்லை.

எனக்கு நம்ப முடியவில்லை. பெயர் மாறியிருக்கும் என்று நினைத்தேன். பாடசாலைகளைப் பார்க்க வருகிற வித்தியாதரிசி அந்தக் கிழமை ஊரில் நின்றார். தலைமையாசிரியை தடுக்கத் தடுக்கக் கேட்காமல் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போனேன். நல்ல மனிதர், கதிரை தந்து இருக்கச் சொன்னார். இலக்கியத் தாளில்தான் விழுந்திருக்கிறா என்றார். அந்தக் கட்டுரை புள்ளி போட்டவர்களிடையே ஒரு பகிடியாகவே போய்விட்டதாம்.

"பாட்டுக்கு நயம் எழுதச் சொன்னால் பால் பொங்கின கதை எழுதியிருக்கிறா" என்று சிரித்தார்.

"ஐயா, அதுதான் நயம்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"பிள்ளை, நீர் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனால் முகவுரைக்கு இத்தனை புள்ளி, ஓசை நயத்துக்கு இத்தனை, பொருள் நயத்துக்கு இத்தனை, முடிவுரைக்கு இத்தனை எண்டு தாள் திருத்துறவருக்குக் குடுத்திருக்கு. இவவின்ர தாளில முகவுரை இல்லை, முடிவுரை இல்லை, புலவரைப் பாராட்டி ஒரு சொல் இல்லை. எங்கே புள்ளி போடுறது? ஒவ்வொண்டில ஒவ்வொரு வசனம் எழுதியிருந்தாலே தாண்டியிருப்பா. இந்த ஊஞ்சல், பால் எல்லாம் வீட்டில கதைக்க நல்லது."

அவர்மேல் கோபம், தாள் திருத்தியவர்மேல் கோபம், எல்லாவற்றையும்விட என்மேல் கோபம். நான் படித்துவந்த படிப்பெல்லாம் அந்தக் கதிரையில் இருந்தபடியே கரிந்துபோனது. பாட்டை வாசிக்கப் படிப்பித்தேன். பரீட்சையை ஒருநாளாவது வாசித்துப் பார்த்தேனா? இன்னொருத்தியின் பதினாறு வருடத்தை வைத்துக்கொண்டு என் கெட்டித்தனத்தைப் பரீட்சித்திருக்கிறேன். வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். தெருவில் நின்ற பட்டாளக்காரன் ஒருவன் விலகி வழிவிட்டான்.

அக்கா வந்தால் என்ன சொல்வது என்று சனிக்கிழமை வரைக்கும் தவித்தேன். வசை சொன்னாலும் கேட்டுக்கொள்ளத்தான் இருந்தேன். அவ வந்தா. லாஞ்சு மறிக்கவில்லை போலும், சீலை காய்ந்திருந்தது. நேரே மண்டபத்துக்குள் போய், யன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தா.

"ரீச்சர், ஒரு கதிரை தருவீங்களோ? மேல் கண்ணாடி எட்டாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கதிரையைக் கொண்டுவந்து போட்டேன். அக்கா ஏறி நின்றா. கீலங்கள் குறுக்கே சரிந்து ஒட்டியிருந்தபடியால் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. அவ வாசிக்க வாசிக்க, பழைய பங்கீட்டுப் படிவங்களின் பின்பக்கத்தில் நான் எழுதினேன். "கற்றோர் உள்ளத்தைக் கொள்ளை கொள்ளும் புலவர் கோடு அவர்கள், கோடு என்னும் பொருளை..." கோடு என்று வந்த இடமெல்லாம் கோடு போட்டேன். நாலு மாதமாகச் சிவப்பு மையால் வெட்டிய வசனங்களை என் கையாலேயே, நல்ல எழுத்தில், ஒரு பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது யன்னலில் அக்கா நிறுத்தினா.

"இங்க கரப்பான் திண்டிட்டுது ரீச்சர்."

மரவள்ளிப் பசை. கரப்பானுக்கு நல்ல விருந்து. அரை வசனம் இருந்தது, மீதி இல்லை. "இப்பாடலின் ஓசையானது" என்பதற்குப் பிறகு ஒரே ஓட்டை, அதற்கூடாகத் துறைமுகம் தெரிந்தது. அக்காவுக்கு மீதி நினைவில் இல்லை. என்னைப் பார்த்தா.

"அருவி மலையிலிருந்து தவழ்ந்து வருவதுபோல் செவிக்குள் புகுந்து சிந்தையை நிறைக்கின்றது" என்றேன். யோசிக்காமலே வந்தது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "முந்தினதைவிட இது திறம்" என்றா. அடுத்த ஓட்டைக்கும் சொன்னேன். அதற்கடுத்ததற்கும் சொன்னேன். முடிவுரை ஒன்பதில் நாலை நானே புதிதாகக் கட்டினேன். எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு காலமும் எனக்குள் அது எங்கே ஒளிந்திருந்ததோ.

மூன்றாம் தரத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. நான் அவவுக்குப் பாட்டு ஒன்றும் கொடுக்கவில்லை. மணிக்கூட்டை வைத்துக்கொண்டு பழக்கினேன். முகவுரை ஒன்று, ஒன்றேதான். ஓசை ஒன்று, பொருள் இரண்டு, முடிவுரை ஒன்று. எந்தக் கோட்டில் எதை நிரப்புவது, எந்தப் பக்கத்தில் நிறுத்துவது. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பேனையை வைக்கவேண்டும். வகுப்பு அமைதியாக நடந்தது. நான் ஒருநாளும் கோபப்படவில்லை. ஒருதரம் மட்டும் அக்கா ஒரு பயிற்சித் தாளின் ஓரத்தில் சின்னதாக ஏதோ எழுதி, பிறகு மை கொட்டி அழித்திருந்தா. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த முறை அக்கா சித்தியடைந்தா. நல்ல புள்ளி என்று வித்தியாதரிசியே சொல்லியனுப்பியிருந்தார். மூதூர் எருமைத் தயிர் ஒரு சட்டி கொண்டு வந்தா. எல்லோருக்கும் கொடுத்தா, தலைமையாசிரியைக்கு இரண்டு தரம். முதலாம் வகுப்பு அவவுக்கே நிரந்தரம். மச்சாள் வேறு ஆள் பார்க்கட்டும் என்று சொல்லிச் சிரித்தா. எனக்கும் சந்தோசம்தான். பெரிய பாரம் ஒன்று இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறு என்னவோ ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது.

லாஞ்சடி வரைக்கும் கூடவே நடந்தேன். வாசலைத் தாண்டிவிட்டோம், இனி நான் ரீச்சர் இல்லை, பிள்ளை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, இந்தத் தரம் என்ன பாட்டு வந்தது?"

அக்கா நடந்துகொண்டே வெறும் தயிர்ச்சட்டியை மற்றக் கைக்கு மாற்றினா.

"தெரியாது பிள்ளை. புலவரின்ர பேரையும் தலைப்பையும் மட்டும் பாத்தனான். பாட்டை வாசிக்கேல்லை."

நான் நின்றுவிட்டேன். அவவும் நின்றா. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரித் தோளில் கையை வைத்தா.

"வாசிச்சால் ஏதாவது தெரிஞ்சிடும் பிள்ளை. தெரிஞ்சால் பிறகு எழுதாமல் இருக்க ஏலாது."